படகுத்துறையில் பன்னிரண்டு அங்குலம்

கெட்டில் ஏரி, மினசோட்டா
செப்டம்பர் 8, 1996

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

லோயிஸ் எழுதுகிறேன். இங்கே நான், ஆர்னி, பிரிட்டா மூவரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? நீல்ஸ் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, இல்லை இன்னும் சோளப்பொரியைத் தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு ஆயிற்று என்கிறானா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டாவை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது இது மூன்றாவது வருஷம். கணக்கும் வரலாறும் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. அறிவியலில்தான் வண்டி சேற்றில் நிற்கிறது. ஏழாம் வகுப்புப் பாடம். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் தப்பாது. முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் கண்டுபிடித்தேன்: பாடத்தைத் தொடும் முன்பே புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைகளைப் பார்த்துவிடுகிறாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை.

போன வாரம் உப்புத் தண்ணீரை வற்றவைத்து மிஞ்சும் உப்பை எடைபோட வேண்டும். தட்டு கவிழ்ந்துவிட்டது. என்னிடம் மூச்சுவிடாமல், புத்தகத்தில் இருந்த எடையையே எழுதிக் காட்டினாள். பிடித்துக் கேட்டதற்கு, "தப்பா எழுதறதுக்குச் சரியாவே எழுதிட்டேம்மா, அதுல என்ன?" என்றாள். ஆர்னி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பாகிவிடுமோ என்று இந்தப் பெண் இவ்வளவு பயப்படுவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இருபது வருஷமாக அறிவியல் சொல்லித் தருகிறாய். தங்கை பெண்ணுக்கும் ஒரு வழி சொல். போனில் சொன்னால் வைத்ததும் மறந்துவிடுவேன், எழுதியே அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
லோயிஸ்


ஏம்ஸ், அயோவா
செப்டம்பர் 19, 1996

அன்புள்ள லோயிஸுக்கு,

நலம். முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நீல்ஸுக்குச் சோளப்பொரி போய் இப்போது வேர்க்கடலை வெண்ணெய். இருபத்தொரு வயதுப் பிள்ளையைத் திட்டி என் தொண்டைதான் வறள்கிறது.

முதல் வேலையாக அந்த விடைப் பக்கங்களைக் கத்தரித்து உன் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வை. பென்சிலையும் ரப்பரையும் பிடுங்கிக்கொள். இனி பேனாதான். தப்பு வந்தால் குறுக்கே ஒரே கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். எதையும் செய்து பார்க்கும் முன் என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதட்டும். ஊகம் பொய்த்தால் கைதட்டு. இரவுச் சாப்பாட்டின்போது, புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை அப்பாவுக்குச் சொல்லட்டும். ஆர்னிக்கே புரிந்துவிட்டால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வரியை அவரிடம் வாசிக்காதே.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தினமும் ஏதாவது ஒன்றை அவளே அளக்க வேண்டும். எதுவென்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே கருவி. பல் தேய்ப்பதுபோல அது பழகிவிட வேண்டும். அளக்காத நாளில் ஊகித்து நிரப்பக் கூடாது, "தெரியாது" என்று எழுத வேண்டும். என் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு மதிப்பெண் உண்டு.

பின்னால் நின்று இதை வாசித்த நீல்ஸ் சொல்கிறான்: "தப்புப் பண்ணக் கத்துக்கணும்னா அவள என்கிட்ட அனுப்பச் சொல்லும்மா, ஓசியிலயே சொல்லித் தரேன்."

பிரிட்டாவுக்கு என் முத்தம்.
வெர்னா


கெட்டில் ஏரி
நவம்பர் 24, 1996

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பிரிட்டா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீங்களும் நீல்ஸ் அண்ணாவும் நலம்தானே?

நான் ஏரியை அளக்கிறேன். முதலில் தண்ணீரின் குளிர்ச்சியை அளந்தேன், இப்போது ஐஸின் தடிமனை அளக்கிறேன். நவம்பர் முதல் தேதி ஏரி உறையும் என்று ஊகித்து எழுதியிருந்தேன். உறையவில்லை. அம்மா நிஜமாகவே கைதட்டினாள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஒரே கோடுதான் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஏரி வருஷா வருஷம் இப்படித்தான் அல்வா குடுக்குது" என்றார். அதற்கப்புறம் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் படகுத்துறைப் பக்கம் போவோம். முதலில் அப்பா இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். துளை போட்டு, கொக்கி வைத்த குச்சியை உள்ளே விடுவேன். கொக்கி ஐஸின் அடியில் மாட்டியதும் மேலே இருக்கும் கோட்டைப் பார்ப்பேன். இதே நேரம், இதே இடம், இதே குச்சி. இடத்தை மாற்றவே இல்லை. இன்று ஐந்து அங்குலம்.

தூண்டில் கடை எல்மர் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார், ஐஸ்மேல் வண்டி ஓட்டிப் போய்த் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுக்காக ஏரி ஐஸ் எத்தனை அங்குலம் என்று எழுத. மற்ற வருஷங்களில் யாராவது சொல்வதை எழுதுவார். இந்த வருஷம் என் எண்ணைத்தான் எழுதுகிறார். "இந்த ஊர்லயே ஒழுங்கா அளக்கறது நீ ஒருத்திதான், பாப்பா" என்றார்.

உங்கள்,
பிரிட்டா


ஏம்ஸ்
டிசம்பர் 8, 1996

என் செல்ல பிரிட்டாவுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் வகுப்பில் இருபத்தெட்டு பேர் இருக்கிறார்கள், இப்படி ஒருவர் அளந்தால் நான் கேக் வாங்கிக் கொடுப்பேன். ஒரே நேரம், ஒரே இடம், அதை விடாதே. இடத்தை மாற்றினால் ஐஸ் வளர்ந்ததா, இடம் மாறியதால் எண் மாறியதா என்று சொல்ல முடியாது.

உனக்கு ஒரு பரிசு வருகிறது. எங்கள் பள்ளியில் கழித்துவிட்ட நுண்ணோக்கி ஒன்றைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நீல்ஸ் தன் வண்டியில் அதை எடுத்து வருவான். மீன் பிடிக்கத்தான் வருகிறான், நுண்ணோக்கி ஒரு சாக்கு. அவனுக்குக் குளிர் தாங்காது, தொப்பியும் போடமாட்டான். நீ கொஞ்சம் அதட்டி வை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.
பெரியம்மா


கெட்டில் ஏரி
ஜனவரி 13, 1997

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்கக் கை வரவில்லை.

அடக்கத்தன்று உன்னோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் வந்தேன். நீயோ என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "ரோடு வழுக்கும், இருட்டறதுக்குள்ள கிளம்புங்க" என்றாய். உன் பிள்ளையைப் புதைத்த அன்றுகூட எங்கள் சாலையைப் பற்றித்தான் உனக்குக் கவலை. வழி முழுக்க ஆர்னி அழுதுகொண்டே ஓட்டினார்.

நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டியது என் கடமை. முந்தின இரவே ஆர்னி நீல்ஸிடம், தான் சாலையில் பனி தள்ளிவிட்டு வரும்வரை பொறுக்கும்படி சொல்லியிருந்தார். பிள்ளைக்குப் பொறுமை இல்லை. நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது. கிழக்கு முனைக்குக் கீழே ஏரியில் ஊற்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே ஐஸ் கெட்டிப்படாது. நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவோம். பிறந்ததிலிருந்து சுற்றிப் போகிறோம், அதனால் யாருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. வெளியூர்ப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நேரே அதன்மேல் ஓட்டி, வண்டியோடு உள்ளே போய்விட்டான். நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

வேறு ஒன்றும் இல்லை, அக்கா. நடந்தது இவ்வளவுதான்.

பிரிட்டாவால் அடக்கத்துக்கு வரமுடியவில்லை. கடுமையான காய்ச்சல்.

லோயிஸ்


கெட்டில் ஏரி
பிப்ரவரி 20, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

என் போன கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு முறை போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாய் என்று உன் பக்கத்து வீட்டம்மா சொன்னார். வேலையில் இருந்தால் கொஞ்சம் மனம் மாறும்தான்.

இங்கே ஒருமாதிரி இருக்கிறோம். ஆர்னி இந்த வருஷம் ஏரிப் பக்கமே போகவில்லை. எல்மர் வாசல் பலகையைக் கழற்றி உள்ளே சுவரோடு திருப்பி வைத்துவிட்டார். நுண்ணோக்கி நீல்ஸ் கொண்டுவந்து வைத்த மேஜையிலேயே இருக்கிறது, பத்திரமாக.

பிரிட்டா அறிவியல் எடுப்பதில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பருவத்தில் ஒன்று பிடிக்கும், அடுத்த பருவத்தில் பிடிக்காமல் போகும், அவ்வளவுதான். இப்போது எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுகிறாள். கணக்கில் ஒரு விடை தப்பானால் தாள் கிழிகிற வரை அழிக்கிறாள்.

ஒரு வரியாவது எழுது, அக்கா.

லோயிஸ்


ஏம்ஸ்
மார்ச் 16, 1997

லோயிஸுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பள்ளிக்குப் போகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

காய்ச்சல் என்றால் இரண்டு வாரத்தில் தீர்ந்திருக்கும். பிரிட்டா ஏன் எனக்கு எழுதுவதில்லை?

வெர்னா


கெட்டில் ஏரி
ஏப்ரல் 27, 1997

பெரியம்மாவுக்கு,

நான் பிரிட்டா. இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. பெரியம்மாவிடம் அதைச் சொல்லாதே, அவளால் தாங்க முடியாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் நீங்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. விடைப் பக்கங்களைத் தேடும்போது பார்த்தேன்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

அன்று காலை நீல்ஸ் அண்ணா அப்பத்தைச் சுடச்சுடத் தின்றுகொண்டே வாசலுக்கு வந்தார். "டீச்சரம்மா, ஏரி இன்னிக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டார். அப்பா பனி தள்ளக் கிளம்பும் முன்பே நான் அவரோடு போய் அளந்துவிட்டு, எல்மருக்கும் போனில் சொல்லியிருந்தேன். "பன்னிரண்டு அங்குலம்ணா" என்றேன். "என் குட்டி வண்டி போகுமா?" என்றார். ஒரு அடி இருந்தால் வண்டி தாங்கும் என்று எல்மர் சொல்வார், அதையே சொன்னேன். "பெரியம்மா சொன்ன மாதிரியே அளந்தேன், தப்பே இருக்காது" என்றும் சொன்னேன். தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்து, கண்வரை இழுத்துவிட்டு, "உங்கம்மா கேட்டா நான் மீன் வாங்கப் போயிருக்கேன்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஊற்று எனக்குத் தெரியும். சுற்றிப் போக வேண்டும் என்றும் தெரியும். நான் படகுத்துறையில் மட்டும்தான் அளந்தேன் என்று சொல்லவில்லை. அவர் கேட்டது ஏரியை. நான் சொன்னது படகுத்துறையை. எனக்கு அது அப்போது தோன்றவே இல்லை. அப்பா வந்து வண்டியைத் தேடிக்கொண்டு ஓடியபோதுதான் தோன்றியது.

அன்றைக்கு எழுதிய எண்ணைக் கோடு போட்டு அடிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அது தப்பில்லை. மறுபடி போய் அளந்தேன், பன்னிரண்டுதான் இருந்தது. அப்புறம் அளக்கவே இல்லை. இப்போது ஐஸ் எல்லாம் போய்விட்டது.

தொப்பி என்னிடம்தான் இருக்கிறது. அனுப்பிவிடுகிறேன். என்னை மன்னிக்க வேண்டாம். தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதினேன்.

பிரிட்டா


ஏம்ஸ்
மே 11, 1997

என் பிரிட்டாவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ உண்மையை எழுதினாய், நானும் உண்மையை எழுத வேண்டும்.

எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். ஏரியில் இறங்கும் முன் நீல்ஸ் எல்மர் கடையிலிருந்து எனக்குப் போன் செய்தான். "அம்மா, உன் சிஷ்யப்பிள்ளை நம்பர் இங்க பலகையில தொங்குது. பன்னெண்டு அங்குலம். ஊரே அவ கணக்குலதான் நடக்குது, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கோ" என்றான். நான் பெருமைப்பட்டேன். இருபது வருஷமாக அறிவியல் சொல்லித் தருகிறவள் நான். எந்த எண்ணைப் பார்த்தாலும் எங்கே அளந்தது என்று கேள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் கத்துகிறேன். என் பிள்ளையிடம் அதைக் கேட்கவில்லை. "தொப்பி போட்டிருக்கியாடா?" என்று கேட்டேன். "போட்டிருக்கேம்மா" என்றான். பொய் சொல்லியிருக்கிறான் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு வெகுநேரம் அழுதேன்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று உங்கம்மா நினைத்திருப்பாள். அந்தப் பன்னிரண்டை நான் வெறுத்தேன், பிரிட்டா. உன் பெயரை எழுதப் பேனாவைத் தொட்டாலே அந்த எண்தான் வந்து நின்றது. சில நாள் உன்னையும் சேர்த்தே வெறுத்தேன். பெரியவள் செய்யக் கூடாத காரியம். ஆனாலும் செய்தேன். அதனால்தான் உங்கம்மா எனக்கு மறைத்ததும், நான் உங்கம்மாவுக்கு மறைத்ததுமாக இந்தக் குளிர்காலம் போயிற்று. நடுவில் நீ ஒருத்தி தனியாக மாட்டிக்கொண்டாய்.

நீ அளந்தது சரி. ஒரே இடம் என்று சொன்னவள் நான். எண்ணுக்குப் பக்கத்தில் இடத்தின் பெயரையும் எழுது என்று சொல்லியிருக்க வேண்டியவளும் நான். எல்மர் பலகையில் அது இல்லை, ஏனென்றால் உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் கடிதத்தில் அது இல்லை, ஏனென்றால் எனக்கு உங்கள் ஏரியே தெரியாது. இதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரிக்கவும் வேண்டாம். மன்னிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதை நீ தீர்மானிக்க முடியாது.

திரும்ப அளக்கச் சொல்லி உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இனி ஒரு நாளும் அளக்காவிட்டாலும் நீ என் பிள்ளைதான். தொப்பியை அனுப்பாதே. அவன் உனக்குத்தான் கொடுத்தான். இந்தக் கடிதத்தை உங்கம்மாவிடம் காட்டு.

உன்,
பெரியம்மா


கெட்டில் ஏரி
டிசம்பர் 21, 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பிரிட்டா எழுதுகிறேன். நாங்கள் நலமாக இருக்கப் பார்க்கிறோம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று அம்மா சொல்கிறாள். கோடையில் நீங்கள் வந்து போனதிலிருந்து அப்பா உங்கள் நாற்காலியில் யாரையும் உட்காரவிடுவதில்லை.

உங்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை, முடியுமோ முடியாதோ என்று. இந்த மாதம் மறுபடி அளக்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் நாள் குச்சியை உள்ளே விட்டுவிட்டு, கோட்டைப் பார்க்காமலே வெளியே எடுத்துவிட்டேன். அப்பா, "நாளைக்குப் பாத்துக்கலாம், வாடா" என்றார். அன்றைக்கு "தெரியாது" என்று எழுதினேன். மறுநாள் அளந்தேன்.

இப்போது ஒரு இடத்தில் இல்லை. படகுத்துறையில் ஒன்பது அங்குலம். எல்மர் கடைக்கு நேரே எட்டரை. தீவுக்குப் போகிற பாதையில், அப்பா என் இடுப்பில் கயிறு கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தார், அங்கே ஏழு. கிழக்கு முனையை நோக்கிப் போகப்போக ஆறு, ஐந்து என்று குறைந்தது. அப்புறம் அப்பா கயிற்றை இழுத்துவிட்டார். நானும் நின்றுவிட்டேன்.

எல்மர் பலகையைத் துடைத்து மறுபடி வாசலில் மாட்டியிருக்கிறார். பழைய பலகையில் இடம் போதாமல் கீழே இன்னொரு பலகை சேர்த்து ஆணி அடித்தார். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இடத்தின் பெயரை நானே பெயிண்டால் எழுதினேன். ஊற்று இருக்கும் இடத்துக்கும் ஒரு வரி விட்டேன். அதில் என்ன எழுதுவது என்று எல்மர் கேட்டார். சிலர் கேள்விப்பட்டதை எழுதச் சொன்னார்கள். நான் அங்கே அளக்கவில்லை. அதனால் "தெரியாது, போகாதே" என்று எழுதினேன். ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்ததை எதுக்கு எழுதுகிறாய் என்று ஒருவர் கேட்டார். எல்மர் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் பதிலில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், பெரியம்மா. தொப்பி போட்டிருந்தேன்.

உங்கள்,
பிரிட்டா